பழைய கிதாரும் பழகாத விரலும்

கிதார் என்னும் மேல்நாட்டு வாத்தியத்தைக் குறித்து நாம் இவ்விடத்தில் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். யாழும் குழலும் கண்ட இனத்தார்க்கு வெள்ளையன் சுமந்து வந்த மரப்பெட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று முகஞ்சுளிப்பாரும் உளர். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை செபராங் பிறைத் தோட்டங்களில் ஏதேனும் ஒன்றிற்கு வந்து வீட்டு வரிசைகளினூடே நடந்து பார்ப்பாராக. வீணை ஒன்றையும் காணார். ஆனால் சுவரில் அடித்த ஆணியில், நாட்காட்டிக்கும் குடைக்கும் நடுவே, கிதார் ஒன்றிரண்டு தொங்குவதை எப்படியும் காண்பர். தொங்குகின்றது என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம், ஒலிப்பதில்லை. வாங்கிய புதிதில் ஒரு மாதம் வீட்டாரை உறங்கவொட்டாது செய்து, இரண்டாம் மாதம் ஆணிக்கு ஏறி, தூசியும் துருவும் படிந்து கிடப்பவையே மிகுதி. பினாங்குப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் இதே கதைதான். அங்கே ஆணிக்குப் பதிலாக அலமாரியின் மேற்புறம், வேறு பேதமில்லை.

ஏன் இவ்வாறாயிற்று என்று வினவினால் கிடைக்கும் விடை ஒன்றே. “சங்கீதமெல்லாம் நமக்கு வருமாங்க, கிராணி? அதுக்கெல்லாம் பொறந்திருக்கணும்” என்பார்கள். இந்தப் ‘பிறந்திருக்க வேண்டும்’ என்ற சொல் நமக்குப் புதிதன்று. கோயிலினுள் நுழையவும் நூலைத் தொடவும் இன்ன குலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் பிறர் நமக்குச் சொன்னார்கள். அதனை எதிர்த்து எழுதியும் பேசியும் மூன்று தலைமுறை கழிந்துவிட்டது. இப்பொழுது அதே சொல்லை, எவரும் கேளாமலே, நம்மவர் தம்மைப் பார்த்துத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள். இதனை வாளாவிட நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில், ஆணியில் தொங்கும் அக்கிதார்களை நாம் இறக்கிப் பார்த்திருக்கிறோம். அவற்றுள் பலவற்றை எவர் பிறந்து வந்தாலும் வாசிக்க இயலாது. குற்றம் மரத்தில் இருக்கிறது. பழி விரலின்மேல் விழுகிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்வோம். வயது 17. தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். பையன் பள்ளி விடுமுறையில் உதிர்ந்த பழம் பொறுக்கிச் சேர்த்த 180 வெள்ளியைக் கொண்டு, பட்டணத்துக் கடையொன்றில் பளபளவென்று கறுப்பு வார்னிஷ் பூசிய கிதார் ஒன்றை வாங்கி வந்தான். நான்கு மாதம் முயன்றான். விரல் நுனிகள் வெடித்தன. ‘எஃப்’ என்னும் சுரக்கூட்டு, ஆள்காட்டி விரலைக் கிடையாக வைத்து ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்த வேண்டிய அந்தப் பொல்லாத சுரக்கூட்டு, ஒருநாளும் ஒலிக்கவில்லை. “எங்கப்பா கை மாதிரிதான் எனக்கும், ஐயா. குலை வெட்டத்தான் லாயக்கு” என்று சொல்லி அதை நம் கையில் தந்தான். நாம் அதனை மடியிற் கிடத்திப் பார்த்தோம். பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கும் பலகைக்கும் இடைவெளி ஆறு மில்லிமீட்டர்! இரண்டு, மிஞ்சினால் மூன்று இருக்க வேண்டிய இடம் அது. விரலிலே இரும்புக் காப்பு மாட்டிக்கொண்டு அழுத்தினாலும் அந்தத் தந்தி தானே படியாது.

காரணம் யாதெனில், அது நைலான் தந்திக்கென்று செய்யப்பட்ட கிதார். அதில் எஃகுத் தந்தியைப் பூட்டி விற்றிருக்கிறார்கள். ஓசை பெரிதாகக் கேட்கும், வாங்குபவன் மயங்குவான் என்பதற்காக. இந்த வேறுபாட்டைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கிதாரின் ஆறு எஃகுத் தந்திகளையும் சுருதிக்கு முறுக்கினால் அவை இழுக்கும் இழுப்பு, மொத்தம் 70 கிலோவுக்கு மேல். வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அந்தத் தண்டியைப் பற்றித் தொங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். நைலான் தந்தியின் இழுப்போ ஏறத்தாழ 40 கிலோதான். எஃகுக்கென்று செய்த கிதாரின் தண்டிக்குள் இரும்புக் கம்பி ஒன்றைப் புதைத்து, முகப்பலகைக்கு உட்புறம் கனத்த மரச்சட்டங்களைக் குறுக்காக ஒட்டியிருப்பர். தண்டிக்குள் கம்பி வைத்து முறுக்கிச் சீர்செய்யும் முறையை அமெரிக்காவின் கிப்சன் கம்பெனியார் 1920களில் காப்புரிமை பெற்றுப் புகுத்தினர். நைலான் கிதாருக்கு இவ்வளவு முட்டுக்கொடுத்தல் தேவையில்லை. மெல்லிய பலகையே அதற்கு இனிமை. அந்த மெல்லிய உடம்பின்மேல் எஃகை ஏற்றினால் என்ன ஆகும்? சில மாதங்களில் தண்டி வில்லாக வளையும். தந்தியைத் தாங்கும் குதிரைக்குப் பின்புறம் பலகை வயிறு புடைக்கும். குதிரை தானும் பசை விட்டுக் கிளம்பும். தந்தி மேலே மேலே எழும். பையன் நாளுக்கு நாள் முயன்றான்; கிதார் நாளுக்கு நாள் கெட்டது. அவன் உழைக்க உழைக்கத் திறமை குறைவதாக அவனுக்குத் தோன்றியது. இதைவிடக் கொடிய பாடம் வேறென்ன வேண்டும்?

ஆகையால் வாங்குமுன் பார்க்கத் தெரிந்துகொள்வதும் சங்கீதப் பயிற்சியின் ஒரு பகுதியே என்பது நம் கொள்கை. அதிலும் நம்மவர் வாங்குவது பெரும்பாலும் பழையது. அது குறையன்று. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டிலேதான் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. அதில் அரிசியும் பள்ளிச் செலவும் போக, புதுக் கிதாருக்குத் தவணை கட்டுவதென்றால் வட்டி வாத்தியத்தை விழுங்கிவிடும். நன்கு பார்த்து வாங்கிய பழங்கிதார், பாராமல் வாங்கிய புதுக்கிதாரினும் மேல்.

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனில் இறங்கிய நாள்களில் நம் கால்கள் தாமாகவே லோரோங் கூலிட் பக்கம் திரும்பும். தோல் சந்து என்பது அப்பெயரின் பொருள். மாநகர விளையாட்டரங்கை ஒட்டிக் காலையில் கூடும் பழம்பொருட் சந்தை அது. முன்னாளில் ‘பிந்தால் தாலி’ என்னும் கயிறு முறுக்குந் தெருவில் இத்தகைய சந்தை நடந்ததைப் பெரியோர் நினைவில் வைத்திருப்பர். திருட்டுச் சந்தை என்றும் அதனைச் சொல்வர். இன்றும் லோரோங் கூலிட்டில் தரையில் விரித்த கித்தான்மேல் பழைய கைக்கடிகாரங்கள், ஜப்பான்காரன் அச்சிட்ட வாழைமர நோட்டு, பித்தளைக் குத்துவிளக்கு, ஒற்றைச் செருப்பு ஆகிய எல்லாம் கிடக்கும். நடுவே சில வேளை ஒரு கிதாரும் கிடக்கும். அண்மையில் கைப்பேசி வழியாக விற்போரும் பெருகிவிட்டனர். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவோரை நாம் தடுக்க வல்லோமல்லோம். ஆனால் கிதாரின் நோய் படத்தில் தெரிவதில்லை.

சந்தையில் முதலிற் செய்ய வேண்டுவது வாசிப்பதன்று, பார்ப்பது. கொத்தனார் ஒரு கண்ணை மூடிச் சுவரின் ஓட்டத்தைப் பார்ப்பதுபோல, கிதாரின் தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்துத் தண்டியின் விளிம்போடு பார்வையை ஓட்ட வேண்டும். மயிரிழை அளவு பள்ளம் நலம். அகப்பை போலக் குழிந்திருந்தாலும், ஒரு பக்கம் முறுகியிருந்தாலும் கீழே வைத்துவிடுக. அடுத்து, குதிரையின் பின்விளிம்பில் பேருந்துச் சீட்டு ஒன்றை நுழைத்துப் பார்க்க வேண்டும். சீட்டு உள்ளே போனால் பசை விட்டுவிட்டது என்று பொருள். ஓசைத்துளையின் விளிம்பை உற்று நோக்கினால் முகப்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்பது விளங்கும். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. வித்வான்கள் ஒட்டுப்பலகையை இகழ்வர். நாம் அவ்வளவு இகழ்வதில்லை. கிதார் செய்வோர் அதற்கு உகந்த காற்று ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பர். பினாங்கிலோ ஆண்டு முழுதும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இந்தப் புழுக்கத்தில் தனிமரப் பலகை ஊதிப் புடைக்கும்போது, ஒட்டுப்பலகை பொறுமையாய் நிற்கும். ஏழை வீட்டுப் பண்டத்திற்குப் பொறுமையே முதற்குணம்.

மரத்தில் ஊசித்துளைகளும் அவற்றினின்று உதிரும் மாவும் கண்டால் பேரம் பேசாமலே நடந்துவிடுதல் நன்று. புழு ஒரு கிதாரோடு நில்லாது. வீட்டுக் கட்டிலையும் அலமாரியையும் ருசி பார்க்கும்.

பிறகே வாசித்தல். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும், ஒன்றையும் விடாது, அழுத்தித் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கே கரகரக்கிறதோ அங்கே மெட்டுத் தேய்ந்திருக்கிறது. தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டிற்கு நேர் மேலே விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோல் ஒரு நாதம் பிறக்கும். பின் அதே மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாயிருத்தல் அவசியம். ஏனெனில் பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக வெட்டும் இடம். வேறுபட்டால் மெட்டோ குதிரையோ இடம் தவறியது. எத்தனை சுருதி கூட்டினாலும் மேலே போகப் போகப் பாட்டு விலகும். வீணையிலே மெட்டுகள் மெழுகில் நிற்பவை. பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிதாரின் மெட்டோ மரத்தில் அறைந்தது. செய்தவன் தவறினால் தவறியதுதான். (ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் இம்முறை அந்நியம் என்று குறைகூறுவோர், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தைப் புரட்டுவாராக. சம பங்கீட்டிற்காக அப்பெரியார் அதில் எவ்வளவு வாதாடியிருக்கிறார் என்பது தெரியவரும்.)

சந்தைகளில் மலாய்க்கார நண்பர் ‘கப்போக்’ என்று சொல்லக் கேட்பீர்கள். அது சீனாவின் குவாங்சோவில் செய்யப்பட்டு இந்நாட்டுக் கம்பங்களிலெல்லாம் பரவிய மலிவுக் கிதாரின் அடையாளப் பெயர். நாளடைவில் மலிவான எந்தக் கிதாருக்கும் பொதுப் பெயராயிற்று. கப்போக் என்றால் இலவம். இலவு காத்த கிளியின் கதை நமக்குத் தெரியுமாதலின் அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஆயினும் அந்த இலவில் எல்லாமே பஞ்சாய்ப் பறந்துவிடவில்லை. இந்நாட்டில் எத்தனையோ பேருக்கு முதற்பாட்டு அதில்தான் வாய்த்தது. ஜப்பானின் யமஹா கம்பெனி 1966இல் எஃப்ஜி என்னும் வரிசையைத் தொடங்கிய பின் ஆலையிற் செய்த கிதாரும் ஒழுங்காக ஒலிக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. அவ்வரிசையின் பழைய கிதார்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பேர் பொறித்த கிதார் கிடைத்தால் நல்லது. ஆனால் பேரைப் பார்த்துத் தண்டியைப் பாராது விடலாகாது.

விலை பேசும்போது தவுக்கேயிடம் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்துச் சண்டையிடுவதால் பயனில்லை. தந்தி துருப்பிடித்திருப்பதைக் காட்டிச் சிறிது குறைக்கலாம்; எப்படியும் புதுத்தந்தி மாற்றத்தான் போகிறோம். கடற்காற்று வீசும் தீவில் தந்திக்கு ஆயுள் குறைவு. சில பத்து வெள்ளியில் தந்தி மாற்றியதுமே ‘செத்த கிதார்’ என்று ஒதுக்கப்பட்டவை எழுந்து பேசியதை நாம் கண்டிருக்கிறோம்.

இனிப் பட்டணத்துக் கனவான்கள். இவர்களுடைய நோய் மறுதலையானது. தோட்டத்துப் பையன் கருவியின் குற்றத்தைக் கையின்மேல் ஏற்றிக்கொள்கிறான். பட்டணத்துக் கனவான் கையின் குற்றத்தைக் கருவியின்மேல் ஏற்றிவிடுகிறார். ஐந்து கிதார், இரண்டு ஒலிபெருக்கி, காலால் மிதித்து ஓசையை மாற்றும் பெட்டிகள் ஒரு மேசை நிறைய. பாட்டோ மூன்று, அவற்றிலும் ஒன்று பாதி. ஆறாவது கிதார் வந்தால் அந்தப் பாதி முழுமையாகும் என்பது அவரது நம்பிக்கை. இன்னும் சிலர் வீட்டில் சரசுவதி பூசையன்று கிதாருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகிறார்கள். ஈரச் சந்தனம் மரத்திற்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, அன்று ஒருநாள் அதைத் தொடலாகாதாம். மற்ற 364 நாளும் யார் தொட்டார்கள்?

நம் பினாங்கிலேயே பிறந்தவர் பி. ரம்லி, ஆண்டு 1929. நாலு தந்தி உக்குலேலேயில் தொடங்கிக் கிதாருக்கும் வயலினுக்கும் போனவர். 1948இல் புக்கிட் மெர்த்தாஜாம் விவசாயக் கண்காட்சியில் அவர் பாடியதைக் கேட்டுத்தான் இந்தியாவிலிருந்து வந்திருந்த இயக்குநர் பி. எஸ். ராஜான்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். புக்கிட் மெர்த்தாஜாம் நம் தோட்டங்களுக்கு எவ்வளவு தூரம்? பண்ணைப்புரத்து இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைக்குமுன் பிறருடைய இசைக்குழுவில் கிதார் வாசித்துக் கூலி வாங்கியவர். ‘அல்லிகேட்ஸ்’ குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் பினாங்குத் தமிழர். மலாய்ப் பாட்டுப் பாடி நாடெங்கும் பெயர் பெற்றனர். லோகநாதன் 2007இல் மறைந்தார். பிரான்சிலே ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற நாடோடிக் குலத்துக் கிதார்காரருக்கு 1928இல் தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கின. எஞ்சிய இரு விரலைக் கொண்டே அவர் மீட்டியதை உலகம் இன்றும் கேட்டு வியக்கிறது. கிதாருக்குக் குலகுரு இல்லை, மரபுக் காவலர் இல்லை. யார் மடியில் வைத்தாலும் அது உட்காரும். நாம் அதனை விரும்புவதற்கு இதுவே தலையாய காரணம் என்றும் சொல்லலாம்.

பயிற்சி விஷயத்தில் நாம் கண்டது சுருக்கமானது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து விரலைப் புண்ணாக்குவதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் மேல். விரல் நுனி காய்ப்பதற்குச் சில வாரம் பிடிக்கும். இடைவிட்டால் காய்ப்பு உரிந்து மீண்டும் முதலிலிருந்து. பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாரைக் கேட்டால் தெரியும், ஒருநாள் முரட்டுத்தனமாக ஆழ வெட்டினால் மரந்தான் கெடும், பால் வராது. இன்னொன்று, மெதுவாக வாசித்தல். வேகமாக வாசிக்கும்போது பிழை மறைகிறது. மெதுவாக வாசித்தால் அது முகத்தில் அறைகிறது. இளைஞர் இதனை வெறுக்கின்றனர். சுருதி கூட்டக் கைப்பேசியில் இலவசக் கருவிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவதில் வெட்கமில்லை, ஆனால் கூட்டி முடித்தபின் காதாலும் ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அந்தப் பையனுடைய கிதாரைப் பட்டணத்துப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். குதிரையைக் கழற்றிப் பழம்பசையைச் சுரண்டி மீண்டும் ஒட்டி இறுக்கி வைத்தார். எஃகுத் தந்தியை எறிந்துவிட்டு நைலான் பூட்டி, குதிரைமேலுள்ள எலும்புத் துண்டை அடிப்புறம் தேய்த்துத் தாழ்த்தினார். கூலியும் தந்தியும் சேர்த்து 60 வெள்ளி, ஏறக்குறைய ஒருநாள் சம்பளம். வளைந்த தண்டி முழுதும் நிமிரவில்லை. இடைவெளி ஆறிலிருந்து நாலுக்கு வந்தது. நைலானுக்கு அது போதும். ஆனால் இதற்குள் பையன் பிறையிலுள்ள தொழிற்சாலையொன்றில் இரவு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கிதாரை வாங்கிப் பார்த்து, ‘எஃப்’ அழுத்தி, அது ஒலிக்கக் கேட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தான். பின்பு, “அப்ப என் கை இல்லையா, ஐயா?” என்றான். தூங்கப் போய்விட்டான்.

இப்பொழுது அதனை எடுத்து வாசிப்பவள் அவன் தங்கை, 13 வயது. பெண்பிள்ளைக்குக் கிதார் எதற்கு என்று பாட்டியார் முணுமுணுத்தார். தாயார், “இருக்கட்டும் அத்தை, சும்மா தொங்கறதுக்கு இது மேல்” என்று சொல்லி முடித்துவிட்டார். அவளுக்கு நாம் அலுவலகத்துப் பழைய செக்ரோல் தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். பெயர் எழுதும் கட்டத்தில் தன் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். வாசித்த நாளுக்கு ஒரு கோடு, கால் மணிக்குக் குறைந்தால் அரைக் கோடு. தோட்டக் கணக்கில் அரைநாள் வேலைக்குப் போடுவது போல. சென்ற மாதம் 22 முழுநாள், மூன்று அரைநாள். ‘எஃப்’ இன்னும் கரகரக்கிறது. இரண்டாம் தந்தியில் மட்டும்.